ஃபேனைக் கழற்றிய பிறகும்

மதியம் இரண்டே கால் மணி. ஆமாம், மதியம்தான். பேய் என்றால் நடுராத்திரிக்கு அலாரம் வைத்து எழுந்து வரும் என்று உங்களுக்கு யார் சொன்னது? கதை கேட்கத்தான் ராத்திரி வேண்டும். நடப்பதற்கு மதியமே தாராளம்.

சாலையில் ஈ காக்கை இல்லை. இரண்டு பக்கமும் பூட்டிக் கிடக்கிற கிடங்குகள்... நீளமான சுவர்... சுவர் முடிகிற இடத்தில் ஒரே ஒரு மாடி வீடு. அந்த வெயிலில் தார் இளகி, செருப்பைப் பிடித்து இழுக்கிறது. அந்தச் சாலையில் ஒரு பழைய ஸ்கூட்டர் வருகிறது. ஓட்டி வருபவர், என்னோடு வேலை பார்த்த நண்பரின் மச்சினர். நண்பருக்குப் பொய் சொல்ல வராது. ஆகவே இதில் எங்காவது கொஞ்சம் பொய் தென்பட்டால் அது என் கைவேலை.

மச்சினரைக் கடையில் எல்லாரும் ‘டாக்டர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். கம்ப்யூட்டர் ரிப்பேர்காரர். ஆனால் அவர் நோயாளியைப் பார்க்கிற அழகு இருக்கிறதே... நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை மிஷின் மேல் ஊன்றுவார். கைப்பிடியைக் காதுக்குப் பின்னால், அந்த எலும்பு மேட்டில் அழுத்திக்கொள்வார். கண்ணை மூடுவார். “பேரிங் போச்சு” என்பார். அல்லது, “ஒரு இறகுல ஓரம் உடைஞ்சிருக்கு” என்பார். திறந்து பார்த்தால் அதேதான். முப்பது வருஷத்தில் ஒரு தடவை தப்பியது கிடையாது.

இப்போது ரகசியம். கிட்ட வாருங்கள், சுவருக்கும் கேட்கக் கூடாது.

டாக்டருக்குக் காது கேட்காது.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஜலதோஷம் வந்தது. போகும்போது காதையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. பக்கத்தில் இடி விழுந்தால், “வாசல்ல யாரோ வந்திருக்காங்க பாரு” என்பார். எலும்பு வழியாக ஏறுகிற சத்தம் மட்டும் உள்ளே போகும். மற்றதெல்லாம் எதிராளியின் உதட்டைப் பார்த்துப் பிழைப்பு. மனைவி, “ஏங்க, ஒரு தடவை காதைக் காட்டிட்டு வாங்களேன்” என்றால், “நீதான் வரவர வாய்க்குள்ளயே பேசுற” என்பார். அந்த அம்மாள் வாய்க்குள் பேசினாலே மூன்றாவது தெருவில் பால் திரிந்துவிடும்!

ஒப்புக்கொள்ள முடியாது, பாவம். சத்தம் ரிப்பேர் பார்க்கிற மனுஷனுக்குக் காதே இல்லை என்று தெரிந்தால் யார் வீட்டுக்குள் விடுவார்கள்? அன்று காலையில்தான் முதலாளி, இவரைவிட இருபது வயசு சின்னவர், கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்.

“அண்ணே, அந்தக் கடைசி வீட்டம்மா திரும்பவும் போன் பண்ணிட்டாங்க. ஒரே கம்ப்ளெய்ன்டுக்கு மூணாவது தடவை போறீங்க. இன்னைக்கு முடிச்சுட்டு வாங்க. இல்லேன்னா இனிமே வெளி வேலைக்குப் போக வேண்டாம்ணே. கவுன்டர்ல ஏசியில உக்காந்து டோக்கன் கிழிங்க.”

டாக்டருக்கு அந்த ஏசி அடுப்பு மாதிரி சுட்டது. ஸ்க்ரூ டிரைவர் பிடித்த கையால் டோக்கன் கிழிப்பதா?

இப்போது அந்த வீட்டம்மா. அவர் செய்வது வீடியோக்களுக்கு சப்டைட்டில் எழுதுகிற வேலை. அதுவும் காது கேட்காதவர்களுக்காக எழுதுவது. பேச்சு மட்டும் போதாது. எங்கே கதவு சாத்தப்படுகிறது, எங்கே நாய் குரைக்கிறது, எல்லாவற்றையும் அடைப்புக்குறிக்குள் எழுத வேண்டும். [தூரத்தில் ரயில்.] [யாரோ இருமுகிறார்.] அப்படி. எறும்பு கால் மாற்றி வைத்தால்கூட அவருக்குக் கேட்கும். அவர் தலையில் வந்து விடிந்தது பாருங்கள்... வீடியோ ஓட விட்டால் கம்ப்யூட்டர் ஃபேன் கிடந்து அலறுகிறது.

முதல் தடவை டாக்டர் போனபோது உண்மையிலேயே கோளாறு இருந்தது. பெட்டியைத் திறந்தால், உள்ளே ஒரு கம்பளிப் போர்வை பின்னுகிற அளவுக்குத் தூசி. பிராசஸர் மேல் சூடு தணியத் தடவிய பேஸ்ட் காய்ந்து பொருக்காகிக் கிடந்தது. சூடேறின தூசி வாசனை மூக்கில் ஏற, பிரஷால் தட்டி, ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, புது பேஸ்ட் வைத்து, வீடியோவை ஓட விட்டார். ஸ்க்ரூ டிரைவரை ஊன்றினார்.

“பட்டு மாதிரி இருக்கு மேடம்” என்றார்.

அந்த அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். “சார், விளையாடுறீங்களா? மாடியில ஹெலிகாப்டர் இறங்குற மாதிரி இருக்கு!”

டாக்டர் சிரித்துச் சமாளித்துவிட்டு வந்துவிட்டார்.

இரண்டாவது தடவை இன்னும் ஆழமாக இறங்கினார். வீடியோவின் சுமை முழுக்க பிராசஸர் தலையில் விழுந்துகொண்டிருந்தது. கிராபிக்ஸ் கார்டு என்று ஒருவர் சும்மா கால் நீட்டிப் படுத்திருந்தார். செட்டிங்கை மாற்றி அவரை எழுப்பி வேலை வாங்கினார். பழைய ஃபேனைத் தூக்கிவிட்டுப் புது ஃபேன் போட்டார். ஓட விட்டார். ஊன்றினார். பட்டு. சுத்தமான பட்டு.

திரும்பிப் பார்த்தால்... அந்த அம்மா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நிற்கிறார்.

டாக்டருக்கு முதல் தடவையாகத் தன் எலும்பின் மேலேயே சந்தேகம் வந்தது. அதனால் மூன்றாவது தடவைக்கு ஒரு திருட்டு வேலை செய்தார். சத்தத்தை அளக்கிற ஒரு ஆப்பைப் போனில் இறக்கிக்கொண்டார். திரையில் ஒரு முள். சத்தம் கூடினால் முள் ஏறும். காதால் கேட்க முடியாததைக் கண்ணால் பார்த்துவிடுவோமே!

அப்படித்தான் அந்த இரண்டே கால் மணிக்குப் படியேறினார்.

அந்த அம்மா கதவைத் திறந்து, உள்ளே விடாமல் வாசலிலேயே நின்றார்.

“சார், ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. நேத்து ஏழு மணி நேரம் வீடியோ ஓட்டினேன். சத்தமே இல்லை. முந்தாநேத்தும் இல்லை. நீங்க போன தடவை வந்து உக்காந்தப்பத்தான் கேட்டுச்சு. அதுக்கு முன்னாடியும் நீங்க இருக்கும்போதுதான்.”

“அது எப்படி மேடம்?”

“அதைத்தான் நானும் கேக்குறேன். அதைக் கேக்கத்தான் திரும்பவும் போன் பண்ணினேன். மெக்கானிக் வந்தா கோளாறு ஒளிஞ்சுக்கும்னு கேள்விப்பட்டிருக்கேன். மெக்கானிக் கூடவே ஸ்கூட்டர்ல வர்ற கோளாறை இப்பத்தான் பாக்குறேன்!”

டாக்டர் சிரித்தார். பாருங்கள், அப்போதும் சிரித்தார்.

உள்ளே போய் உட்கார்ந்தார். பெட்டியின் பக்கத்து மூடியைக் கழற்றி வைத்தார். போனை மேஜை மேல் சாய்த்து வைத்தார். முள் முப்பத்திநாலில் நின்றது. அமைதியான அறை. அந்த அம்மா ஒரு வீடியோவைத் தட்டினார். எங்கோ ஒரு ஆற்றில் பாலம் கட்டுகிறார்கள். கிரேன் ஒன்று மெதுவாகத் திரும்புகிறது. ஸ்பீக்கரை அவர் முன்பே அணைத்துவிட்டிருந்தார்.

பத்து விநாடி... ஒன்றும் இல்லை.

பதினைந்து...

முள் துள்ளியது. நாற்பது. அறுபது. எண்பத்தொன்று. அங்கேயே ஒட்டிக்கொண்டு நடுங்கியது.

டாக்டர் ஸ்க்ரூ டிரைவரை ஊன்றினார். பட்டு. முள்ளைப் பார்த்தார். எண்பத்தொன்று. ஃபேனின் பிளக்கைப் பிடுங்கினார். இறகு சுற்றிச் சுற்றித் தளர்ந்து... நின்றது. முள் எண்பத்தொன்று. நாலு ஸ்க்ரூவையும் எடுத்து ஃபேனையே கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். எண்பத்தொன்று. கிராபிக்ஸ் கார்டின் ஃபேனை விரலால் அமுக்கி நிறுத்தினார். எண்பத்தொன்று. கடைசியில் சுவரிலிருந்து பவர் ஒயரையே உருவினார்.

பாலம் போயிற்று. கிரேன் போயிற்று. திரை கறுப்பு.

எண்பத்தொன்று.

அந்த அம்மாவைப் பார்த்தார். முகத்தில் ரத்தமே இல்லை. உதடு மட்டும் அசைந்தது. “சார்... நிக்கலை.”

டாக்டர் போனை எடுத்துக்கொண்டு எழுந்தார். ஜன்னல் பக்கம் போனார். எண்பத்தொன்று. சமையலறை வாசல்... அதே எண். மாடிப்படியில் நாலு படி இறங்கினார். அதே. எங்கே போனாலும் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. தொழில் தெரிந்த மனுஷன் இல்லையா, உடனே புரிந்துவிட்டது. சத்தம் போடுகிற பொருள் ஓரிடத்தில் இருந்தால், நாம் நகர்ந்தால் முள் நகர வேண்டும். முள் நகரவில்லை என்றால்...

கையை முழுக்க முன்னால் நீட்டிப் பார்த்தார். எழுபத்தெட்டு.

நெஞ்சருகே கொண்டுவந்தார். எண்பத்தஞ்சு.

மெல்ல... போனை இடது தோளுக்கு மேலே தூக்கிப் பிடித்தார்.

நூற்றியொன்று.

பின்னங்கழுத்தில் வியர்வை ஒரு கோடாக இறங்கியது. திரும்பிப் பார்க்கவில்லை. நீங்களாக இருந்தால் பார்ப்பீர்களா?

அப்போது அவருக்கு வரிசையாக ஞாபகம் வந்தது. பல் டாக்டர் வீட்டில், “வீடியோ போட்டா மட்டும் இரையுது” என்று கம்ப்ளெய்ன்ட். லாட்ஜ் ஆபீஸில் அதே. கார் ஷோரூமில் அதே. வீட்டில்கூட... “நீங்க டிவி முன்னாடி உக்காந்தா மட்டும் ஏதோ உய்ய்ங்குது, ஃப்ரிட்ஜை மாத்துங்க” என்று மனைவி நாலு வருஷமாகப் புலம்பல். இவரும் இரண்டு ஃப்ரிட்ஜ், மூன்று டிவி மாற்றிவிட்டார்! மற்ற நேரமெல்லாம் உதடு பார்க்கத் தலையைத் திருப்பிக்கொண்டே இருக்கிற மனிதர், படம் ஓடும்போதுதான் ஓரிடத்தில் அசையாமல் உட்காருவார். ஏதாவது சொல்ல வந்தவர்களுக்கு அதைவிட நல்ல சமயம் கிடைக்குமா?

நினைத்துப் பாருங்கள். நாலு வருஷம்! ஒன்று, பின்னாலேயே நின்று தொண்டை கிழியக் கத்துகிறது. இவர் ஸ்க்ரூ டிரைவரைக் காதில் வைத்துக்கொண்டு, “பட்டு மாதிரி இருக்கு” என்கிறார். பேயாகவே இருந்தாலும் மனசு நோகாதா?

டாக்டர் படியேறி அறைக்குள் வந்தார். நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். சொந்தப் பெண்டாட்டியிடம் சொல்லாததை, முதலாளியிடம் மறைத்ததை, அந்த அம்மாவிடம் சொன்னார்.

“மேடம்... எனக்குக் காது கேக்காது. நாலு வருஷமா. நீங்களே சொல்லுங்க. அது என்ன சத்தம்?”

அந்த அம்மாவுக்குப் பேச வாய் வரவில்லை. ஆனால் கை வந்தது. அதுதானே தொழில். மேஜை மேல் கிடந்த காகிதத்தை இழுத்து, வேலையில் எழுதுகிற மாதிரியே எழுதினார்.

[மின்விசிறியின் இரைச்சல்.]

அதை அடித்தார். கண்ணை மூடிக் கேட்டார். திரும்ப எழுதினார்.

[யாரோ மூச்சு விடாமல் அலறுகிறார்.]

டாக்டர் படித்தார். நிமிர்ந்தார். அந்த அம்மா இவர் முகத்தைப் பார்க்கவில்லை. இடது தோளுக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே எதுவும் தெரிந்ததாக அவர் பிறகு யாரிடமும் சொன்னதில்லை. பேனா மட்டும் இன்னொரு தடவை ஓடியது.

[சட்டென்று நின்றுவிடுகிறது.]

போனைப் பார்த்தார் டாக்டர். முப்பத்திநாலு.

‘எனக்குக் காது கேக்காது’ என்று இவர் சொல்லி ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, நின்றுவிட்டது. ஞாபகம் வையுங்கள். இவருக்குக் காது செவிடு என்று அந்த அம்மாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. அதுக்கும் அப்போதுதான் தெரிந்தது போல.

ஃபேனைத் திரும்ப மாட்டிவிட்டு, பவர் கொடுத்து, பாலம் கட்டுகிற படத்தை முழுசாக ஓட்டிப் பார்த்தார்கள். சத்தம் இல்லை. அந்த அம்மா வேலை முடிந்த சீட்டில் கையெழுத்துப் போட்டார். வாசல்வரை வந்தார்.

“சார், தப்பா நினைக்காதீங்க. இனிமே ஏதாவது ரிப்பேர்னா... வேற ஆளை அனுப்பச் சொல்றேன்.”

“நானே சொல்லலாம்னு இருந்தேன் மேடம்” என்றார் டாக்டர்.

நேரே கடைக்குப் போய் முதலாளியிடமும் உண்மையைச் சொல்லிவிட்டார். ஒருவரிடம் சொன்ன பிறகு இரண்டாவது ஆளிடம் சொல்வது சுலபம்தானே. முதலாளி திட்டவில்லை. “அண்ணே, இதைச் சொல்றதுக்கா நாலு வருஷம்? காதுக்கு மிஷின் வையுங்க. கேட்டுச்சுன்னா நாளைக்கே வெளி வேலை. கேக்கலேன்னாதான் டோக்கன்” என்றார்.

வைத்தார். காதுக்குப் பின்னால் கொண்டைக்கடலை அளவு மிஷின். அடேயப்பா... உலகம் இவ்வளவு சத்தமா! கரண்டி சத்தம், செருப்பு சத்தம், சொந்தத் தாடையைச் சொறிகிற சத்தம்... மனைவி பேசியதைக் கேட்டு அரண்டு போய், “கொஞ்சம் மெதுவாத்தான் பேசேன்மா” என்றார். “நாலு வருஷமா வாய்க்குள்ள பேசுறேன்னீங்களே!” என்று அந்த அம்மாள் சிரித்த சிரிப்பில் மிஷின் தெறித்துக் கீழே விழுந்ததாக நண்பர் சொன்னார். நான் அப்படியே நம்புகிறேன்.

வெளி வேலை திரும்பக் கிடைத்தது. ஸ்க்ரூ டிரைவர் ஒரு பக்கம், மிஷின் ஒரு பக்கம். பேரிங் தேய்மானத்தை அறை வாசலில் நின்றே சொன்னார். ஒரு கம்ப்ளெய்ன்ட் இல்லை. எந்த வீட்டிலும் இரைச்சல் இல்லை. பத்து நாள், மனுஷன் பறந்தார்.

பதினொன்றாம் நாள் மிஷின் கூவ ஆரம்பித்தது.

கீய்ய்ய்ங்... மெல்லிசாக. ஒரு வீட்டில் வீடியோ ஓட விட்டுச் சோதிக்கும்போது கூவியது. நிறுத்தினால் நின்றது. மறுநாள் வேறு வீடு. வீடியோ... கீய்ய்ய்ங். அன்று சாயங்காலம் டிவி முன்னால் உட்கார்ந்தார். கீய்ய்ய்ங்.

மிஷின் கொடுத்த இடத்துக்கே போனார். அங்கே சின்னப் பெண் ஒருத்தி, சுறுசுறுப்பு, விசாரித்தாள். காது சோதிக்கிற அறைக்குள் கூட்டிப்போய் உட்கார வைத்தாள். நீங்கள் அந்த மாதிரி அறை பார்த்திருக்கிறீர்களா? சுவர் முழுக்கப் பஞ்சு. கதவு ஒரு சாண் தடிமன். சாத்திவிட்டால் வெளி உலகம் செத்துப் போகும். ஃபேன் கிடையாது, ஏசி கிடையாது, ஜன்னல் கிடையாது. இலவம் பஞ்சைக் காற்றில் விட்டால் நேராகக் கீழே வரும்.

அவள் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தாள். “எப்ப சார் கூவுது?”

“வீடியோ பாக்கும்போதும்மா.”

“சரி, பாத்துடுவோம்.” எதிரே இருந்த திரையில் ஏதோ ஒரு படத்தை ஓட விட்டாள். சத்தமில்லாத படம். மீன்கள் நீந்தின.

பத்து விநாடி... பதினைந்து...

கீய்ய்ய்ங்.

அவளுக்கே கேட்டது. சிரித்தாள். “அட, இதுக்கா பயந்தீங்க? இது மிஷின் கோளாறே இல்லை சார். காதை ஒட்டி ஏதாவது வந்தா, மிஷின்லேர்ந்து வர்ற சத்தம் அதுல பட்டு மிஷினுக்கே திரும்பிப் போகும். அப்ப கூவும். தலையணையில சாய்ஞ்சா கூவும், கையைக் கொண்டுபோனா கூவும். யாராவது காதுகிட்ட வாயை வச்சு ரகசியம் பேசினாக்கூட...”

சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். டாக்டரின் இரண்டு கையும் முட்டி மேல் இருந்தன. அவளுடைய கை மேஜை மேல். சுவர் நாலடி தள்ளி.

கீய்ய்ய்ய்ங்.

“சார்... அதைக் கழட்டுங்க” என்றாள்.

டாக்டர் கழற்றினார். மேஜை மேல் வைத்தார். கூவல் நின்றது. அவள் மூச்சு விட்டாள். கையை நீட்டி மிஷினை எடுக்கப் போனவள்... டாக்டரின் காதைப் பார்த்தாள். மிஷினைக் கழற்றிய காது. இடது காது.

காது மடலின் ஓரத்தில், வயசான ஆண்களுக்கு இருக்குமே, நரைத்த முடி நாலு. அது அசைந்தது. நின்றது. அசைந்தது. பேசுகிறவருடைய மூச்சுக் காற்று பட்டால் அசைகிற மாதிரி... விட்டு... விட்டு...

டாக்டர் மீனைப் பார்க்கவில்லை. அவளையும் பார்க்கவில்லை. தலையை மெல்ல இடது பக்கம் சாய்த்தார், எலும்பு மேட்டில் ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடியை அழுத்திக் கேட்கிற மாதிரி.

“உம்” என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து, இன்னொரு தடவை... “உம்.”